இரண்டு கப்பல்களும் பார்த்தன, ஆனாலும் மோதின!

1956-ம் ஆண்டு நடுக்கடலில் நடந்த பயங்கரம். கப்பல் அதிகாரிகள் இன்றும் படிக்கும் பாடம்.

கடல் எவ்வளவு பெரியது! எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர்தான். அவ்வளவு பெரிய கடலில் இரண்டு கப்பல்கள் எப்படி மோதிக்கொள்ளும்?

பலருக்கும் இந்தச் சந்தேகம் வரும்.

ஆனால் மோதியிருக்கின்றன. அவை ஓட்டைக் கப்பல்கள் அல்ல. ஓட்டியவர்களும் அனுபவம் இல்லாதவர்கள் அல்ல. இரண்டிலும் ராடார் கருவி இருந்தது. மோதுவதற்கு வெகு நேரம் முன்னதாகவே ஒரு கப்பலை மற்றொரு கப்பல் ராடாரில் பார்த்துவிட்டது.

அப்படி இருந்தும் மோதின. 51 பேர் மாண்டார்கள்.

அது எப்படி நடந்தது? கப்பல் அதிகாரிகள் அதிலிருந்து என்ன கற்றுக்கொண்டார்கள்? கப்பலில் பிரயாணம் செய்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன? பார்ப்போம்.

மிதக்கும் மாளிகை

"ஆண்ட்ரியா டோரியா" இத்தாலி நாட்டுக் கப்பல். ஜெனோவா நகரில் 16-ம் நூற்றாண்டில் வாழ்ந்த புகழ்பெற்ற கடற்படைத் தலைவர் ஒருவரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது.

நீளம் சுமார் 700 அடி. 1951-ம் ஆண்டு கடலில் இறக்கப்பட்டது. 1953-ம் ஆண்டு ஜனவரியில் முதல் பிரயாணம் புறப்பட்டது. உள்ளே ஓவியங்கள், சிற்பங்கள், நீச்சல் குளங்கள் எல்லாம் உண்டு. "மிதக்கும் கலைக்கூடம்" என்று சொல்லும்படி இருந்தது.

பாதுகாப்பிலும் குறை வைக்கவில்லை. கப்பலின் அடிப்பகுதி 11 அறைகளாகத் தடுக்கப்பட்டிருந்தது. அடுத்தடுத்த இரண்டு அறைகளில் தண்ணீர் புகுந்தாலும் கப்பல் மூழ்காது. ஏறி இருக்கும் அத்தனை பேருக்கும் போதுமான படகுகள் இருந்தன. பக்கத்துக்கு 8 ஆக, மொத்தம் 16 படகுகள்.

1956-ம் ஆண்டு ஜூலை 17-ந் தேதி, ஜெனோவாவில் இருந்து அமெரிக்காவில் உள்ள நியூயார்க் நகருக்கு இந்தக் கப்பல் புறப்பட்டது. பிரயாணிகள் 1,134 பேர். சிப்பந்திகள் 572 பேர். ஆக மொத்தம் 1,706 பேர்.

கேப்டன் பெயர் பியரோ கலமாய். வயது 58. நீண்ட அனுபவம் உள்ளவர்.

26-ந் தேதி காலையில் நியூயார்க் போய்ச் சேர வேண்டும். 25-ந் தேதி இரவுதான் கடைசி இரவு. பிரயாணிகள் பெட்டிகளைக் கட்டி வைத்தார்கள். சிலர் நடனமாடினார்கள். குழந்தைகள் தூங்கப் போய்விட்டார்கள்.

வெளியே மூடுபனி. பிற்பகலில் இருந்தே கடலை மூடியிருந்தது.

எதிரே வந்த கப்பல்

அதே 25-ந் தேதி காலை, நியூயார்க்கில் இருந்து வேறொரு கப்பல் புறப்பட்டது. அதன் பெயர் "ஸ்டாக்ஹோம்". சுவீடன் நாட்டுக் கப்பல். நீளம் சுமார் 525 அடி. வெள்ளை நிறம்.

சுவீடன் குளிர் நாடு. அங்கே கடலில் பனிக்கட்டி மிதக்கும். அதை உடைத்துக்கொண்டு போவதற்காக, ஸ்டாக்ஹோமின் முகப்பு தடித்த இரும்புத் தகடுகளால் பலமாகக் கட்டப்பட்டிருந்தது. பனிக்கட்டிக்காக வைத்த அந்தப் பலம், அன்று இரவு வேறு ஒன்றைக் கிழித்தது.

அதன் கேப்டன் குன்னர் நோர்டன்சன். இரவு சுமார் 10 மணிக்கு அவர் தம்முடைய அறைக்குப் போனார். கப்பலைக் கவனிக்கும் பொறுப்பு மூன்றாம் அதிகாரியிடம் இருந்தது. அவருக்கு வயது 26. மேல்தளத்தில் அதிகாரி என்று அவர் ஒருவர்தான். துணைக்கு மூன்று மாலுமிகள்.

ஸ்டாக்ஹோம் போன பக்கம் மூடுபனி இல்லை. ஆகவே அது 18 கடல் மைல் வேகத்தில் போயிற்று. முன்னால் பனித்திரை நிற்கிறது என்பதை அந்த இளம் அதிகாரி உணரவில்லை.

ஆண்ட்ரியா டோரியா பனிக்குள்ளேயே வந்துகொண்டிருந்தது. கேப்டன் கலமாய் தூங்கவில்லை. மேல்தளத்திலேயே நின்றார். தண்ணீர் புகாத கதவுகளை மூடச் சொன்னார். பனிச் சங்கை ஊதச் செய்தார். ஆனால் வேகத்தை அதிகம் குறைக்கவில்லை. 23 கடல் மைலாக இருந்த வேகம், சுமார் 22 ஆயிற்று. அவ்வளவுதான்.

இது முதல் பிழை. மூடுபனியில் கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் கப்பலை நிறுத்த முடிய வேண்டும். மணிக்கு 22 கடல் மைல் வேகத்தில் போகிற பெரிய கப்பலை உடனே நிறுத்த முடியாது. அது மோட்டார் வண்டி அல்ல, பிரேக் கிடையாது.

ஏன் குறைக்கவில்லை? காலையில் நியூயார்க் போய்ச் சேர வேண்டும். நேரம் தவறினால் பிரயாணிகளுக்குக் கஷ்டம், கம்பெனிக்கு நஷ்டம். அந்தக் காலத்தில் பல கேப்டன்கள் ராடாரை நம்பிப் பனியிலும் வேகமாகப் போனார்கள்.

திரையில் ஒரு புள்ளி

ராடார் என்றால் என்ன?

மலை அடிவாரத்தில் நின்று கூவினால் எதிரொலி வருகிறது அல்லவா? அது போலத்தான். ராடார் கருவி வானொலி அலைகளை அனுப்புகிறது. அவை எதிரே உள்ள பொருளில் பட்டுத் திரும்பி வருகின்றன. வட்டமான திரையில் ஒரு புள்ளி தெரிகிறது. அந்தப் புள்ளியைக் கொண்டு, எந்தத் திசையில் எவ்வளவு தூரத்தில் அந்தப் பொருள் இருக்கிறது என்று அறியலாம். இருட்டிலும் தெரியும். பனியிலும் தெரியும்.

ஆனால் ஒன்று. அது எங்கே இருக்கிறது என்றுதான் திரை சொல்லும். எந்தப் பக்கம் போகிறது என்று அந்தக் காலத்து ராடார் சொல்லாது.

அதை அதிகாரிதான் கண்டுபிடிக்க வேண்டும். சில நிமிடங்களுக்கு ஒரு முறை புள்ளியின் இடத்தைத் தாளில் குறிக்க வேண்டும். குறிகளை இணைத்துக் கோடு போட வேண்டும். கோடு எந்தப் பக்கம் போகிறதோ அதை வைத்து, எதிர்க் கப்பல் எவ்வளவு தூரத்தில் விலகிப் போகும் என்று கணக்கிட வேண்டும். பள்ளிக்கூடத்துப் பையன் போடும் கணக்குப் போலத்தான். ஆனால் இந்தக் கணக்கில் விடை தவறினால் உயிர் போகும்.

இரவு 10-45 மணி. ஆண்ட்ரியா டோரியாவின் ராடார் திரையில் ஒரு புள்ளி தெரிந்தது. 17 மைல் தூரம். தங்களுக்குச் சற்று வலப்பக்கமாக அது இருப்பதாக அதிகாரிகள் கண்டார்கள்.

திரையைப் பார்த்தார்கள். ஆனால் தாளில் குறித்துக் கணக்குப் போடவில்லை.

ஸ்டாக்ஹோமிலும் புள்ளி தெரிந்தது. அந்த இளம் அதிகாரி அது தம்முடைய கப்பலுக்குச் சற்று இடப்பக்கம் இருப்பதாக முடிவு செய்தார். தாம் கணக்குப் போட்டதாகவும் பிறகு சாட்சியம் சொன்னார்.

ஒரே கடல். இரண்டே கப்பல்கள். "அது எனக்கு வலப்பக்கம்" என்று இவர்கள் எண்ணினார்கள். "அது எனக்கு இடப்பக்கம்" என்று அவர் எண்ணினார். இருவரில் யாரோ தவறாகப் பார்த்திருக்கிறார்கள்!

சந்தில் எதிர்ப்பட்ட இருவர்

ஒடுக்கமான சந்தில் இரண்டு பேர் எதிர் எதிரே வருவது உண்டு. ஒருவர் ஒதுங்குவார். அதே பக்கம் மற்றவரும் ஒதுங்குவார். இருவரும் முட்டிக்கொண்டு சிரிப்பார்கள்.

அன்று இரவு கடலில் நடந்ததும் அதுதான். ஆனால் சிரிப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

கேப்டன் கலமாய், கப்பலை 4 டிகிரி இடப்பக்கம் திருப்பினார். இரண்டு கப்பல்களும் ஒன்றின் வலப்பக்கத்தை மற்றொன்று பார்த்தபடி விலகிவிடும் என்பது அவர் எண்ணம்.

ஸ்டாக்ஹோம் அதிகாரி வலப்பக்கம் திருப்பினார். ஒன்றின் இடப்பக்கத்தை மற்றொன்று பார்த்தபடி விலகிவிடலாம் என்பது அவர் எண்ணம்.

இரண்டு கப்பல்களின் வேகத்தையும் கூட்டினால் 40 கடல் மைல். 17 மைல் இடைவெளி என்பது 25 நிமிடத்தில் கரைந்துவிடும். ஒருவருக்கொருவர் வானொலித் தொலைபேசியில் "நான் இந்தப் பக்கம் போகிறேன், நீ எந்தப் பக்கம்?" என்று கேட்கவும் இல்லை.

சுமார் 2 மைல் தூரத்தில்தான் ஸ்டாக்ஹோம் அதிகாரியின் கண்ணுக்கு எதிர்க் கப்பலின் விளக்குகள் தெரிந்தன. வலப்பக்கம் திருப்ப உத்தரவிட்டார்.

அந்தச் சமயத்தில் டெலிபோன் மணி அடித்தது. பாய்மர உச்சியில் காவல் இருந்த மாலுமி, "இடப்பக்கம் விளக்கு தெரிகிறது" என்று சொன்னான். அதைக் கேட்டுவிட்டு அதிகாரி திரும்பிப் பார்த்தார்.

எதிர்க் கப்பல் விலகிப் போகவில்லை. தம் கப்பலின் குறுக்கே வந்துகொண்டிருந்தது!

"வலப்பக்கம் முழுதும் திருப்பு! பின்னோக்கி முழு வேகம்!"

ஆண்ட்ரியா டோரியாவில் கேப்டன் கலமாயும் விளக்குகளைக் கண்டார். "இடப்பக்கம் முழுதும் திருப்பு!" என்று கத்தினார். கப்பலை நிறுத்த முயலவில்லை. வேகமாகக் கடந்து தப்பிவிடலாம் என்று பார்த்தார்.

முடியவில்லை.

இரவு 11 மணி 10 நிமிடம். ஸ்டாக்ஹோமின் இரும்பு முகப்பு, ஆண்ட்ரியா டோரியாவின் வலது விலாவில் பாய்ந்தது. பல அடுக்குகளைக் கிழித்துக்கொண்டு உள்ளே போயிற்று. தூங்கிக்கொண்டிருந்தவர்களில் பலர் அந்த இடத்திலேயே மாண்டார்கள்.

பாதிப் படகுகள் பயன்படவில்லை

சில வினாடிகள் இரண்டு கப்பல்களும் ஒட்டிக்கொண்டு நின்றன. பிறகு ஸ்டாக்ஹோம் விடுபட்டுப் பின்வாங்கியது. கிழிந்த ஓட்டை வழியாகக் கடல் நீர் ஆண்ட்ரியா டோரியாவுக்குள் கொட்டியது.

சில நிமிடங்களில் கப்பல் வலப்பக்கமாக 18 டிகிரிக்கு மேல் சாய்ந்துவிட்டது. தளத்தில் நிற்க முடியவில்லை. ஜனங்கள் சறுக்கி விழுந்தார்கள்.

ஏன் இவ்வளவு சாய்ந்தது?

பிரயாணத்தின் கடைசி நாள் அது. எண்ணெய்த் தொட்டிகளில் பல காலியாகிவிட்டன. காலித் தொட்டிகளில் கடல் நீரை நிரப்பிச் சமன் செய்ய வேண்டும் என்பது கப்பலைக் கட்டியவர்கள் கொடுத்த குறிப்பு. அப்படி நிரப்பப்படவில்லை. எண்ணெய்த் தொட்டியில் கடல் நீரை விட்டால், பிறகு அதைச் சுத்தம் செய்யச் செலவாகும்.

மோதலில் வலப்பக்கத் தொட்டிகள் கிழிந்தன. அவற்றில் நூற்றுக்கணக்கான டன் தண்ணீர் நிரம்பியது. இடப்பக்கத் தொட்டிகளில் இருந்தது வெறும் காற்று. தராசின் ஒரு தட்டில் கல்லையும் மறு தட்டில் பஞ்சையும் வைத்தது போல ஆயிற்று.

சாய்ந்ததால் வந்த கேடு என்ன தெரியுமா? இடப்பக்கத்தில் இருந்த 8 படகுகளைக் கடலில் இறக்கவே முடியவில்லை! எல்லோருக்கும் படகு உண்டு என்ற கணக்கு, கப்பல் நேராக நின்றால்தான் சரி. சாய்ந்த கப்பலில் பாதிப் படகுகள் வெறும் பாரம்.

வலப்பக்கப் படகுகளும் கப்பலை விட்டு விலகித் தொங்கின. ஆட்களை ஏற்றி இறக்க முடியவில்லை. வெறும் படகாகக் கடலில் இறக்கினார்கள். பிரயாணிகள் கயிற்றிலும் வலையிலும் தொங்கியபடி இறங்க வேண்டியதாயிற்று. கிழவர்களும் குழந்தைகளும் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது.

கப்பலை விட்டு வெளியேறும்படி அபாயச் சங்கு ஊதப்படவில்லை. படகுகள் போதாது என்று தெரிந்தால் ஜனங்கள் பீதி அடைந்து முட்டி மோதுவார்கள் என்று கேப்டன் அஞ்சினார். அதனால் கீழ்த்தளங்களில் இருந்தவர்களுக்கு என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை. எண்ணெயும் தண்ணீரும் கலந்து வழுக்கிய படிகளில் அவர்கள் தாங்களாகவே ஏறி வந்தார்கள்.

முதலில் போன படகுகளில் பெரும்பாலும் சிப்பந்திகளே இருந்தார்கள். இது பின்னர் பெரிய கண்டனத்துக்கு உள்ளாயிற்று. ஆனால் கப்பலிலேயே நின்று, பிரயாணிகளை இறக்கிவிடப் பாடுபட்ட சிப்பந்திகளும் பலர் உண்டு.

அதிசயச் சிறுமி

ஸ்டாக்ஹோமின் முகப்பு சப்பையாகிவிட்டது. அதன் சிப்பந்திகளில் 5 பேர் மாண்டார்கள். ஆனால் உள்ளே இருந்த தடுப்புச் சுவர் தாங்கியது. கப்பல் மூழ்கவில்லை.

சேதத்தைப் பார்க்கப் போன மாலுமி ஒருவர், நசுங்கிய இரும்புக் குவியலுக்கு இடையே ஒரு குரலைக் கேட்டார். ஒரு பெண் குழந்தை தன் தாயைக் கேட்டு அழுதது.

அவள் 14 வயதுச் சிறுமி. ஸ்டாக்ஹோமில் ஏறியவளே அல்ல. ஆண்ட்ரியா டோரியாவில் தன் அறையில் படுத்துத் தூங்கியவள்! ஸ்டாக்ஹோமின் முகப்பு அந்த அறையைத் துளைத்தபோது, அவளை அப்படியே படுக்கையோடு அள்ளிக்கொண்டு வந்துவிட்டது. கை எலும்பு முறிந்தது. உயிருக்கு ஆபத்து இல்லை.

அதே அறையில் தூங்கிய அவளுடைய தங்கை மாண்டாள். பக்கத்து அறையில் சிற்றப்பன் முறையான வளர்ப்புத் தந்தையும் மாண்டார். தாய் படுகாயத்தோடு தப்பினாள்.

சிறுமியைப் பெற்ற தந்தை நியூயார்க்கில் வானொலிச் செய்தியாளர். மகள் இறந்துவிட்டாள் என்றே அவருக்குத் தகவல் வந்திருந்தது. அந்தத் துயரத்தோடு அவர் வானொலியில் விபத்துச் செய்தியைப் படித்தார். தன் மகளும் அந்தக் கப்பலில் இருந்தாள் என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பிறகுதான் மகள் உயிரோடு இருக்கும் செய்தி வந்தது.

விளக்குகளோடு வந்த கப்பல்

மோதிய சில நிமிடங்களில் கம்பியில்லாத் தந்தி மூலம் அபாயச் செய்தி பறந்தது. "எஸ்.ஓ.எஸ்." என்பதுதான் அந்த அபாயக் குறி. மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி. அதைக் கேட்கும் எந்தக் கப்பலும் உதவிக்குப் போக வேண்டும். இது கடலின் தர்மம், சட்டமும்கூட.

"இல் டி பிரான்ஸ்" என்ற பிரெஞ்சுக் கப்பல் அதைக் கேட்டது. நியூயார்க்கில் இருந்து ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்த கப்பல் அது. விபத்து நடந்த இடத்தைத் தாண்டி 40 மைலுக்கு மேல் போய்விட்டது. நூற்றுக்கணக்கான பிரயாணிகள் அதிலும் இருந்தார்கள்.

கேப்டன் ரவுல் டி போதியான் தயங்கவில்லை. கப்பலைத் திருப்பினார். பனியில் முழு வேகத்தில் வந்தார். வரும் வழியிலேயே படகுகளும் ஆட்களும் தயார்.

இரவு 2 மணிக்குச் சற்று முன் அங்கே போய்ச் சேர்ந்தார். "எல்லா விளக்குகளையும் போடுங்கள்!" என்று உத்தரவிட்டார். பனி விலகியது. சாய்ந்த கப்பலில் தவித்தவர்களின் கண்ணுக்கு எதிரே, நகரம் ஒன்று மிதந்து வந்தது போல ஒளிமயமாக அந்தக் கப்பல் நின்றது. பலர் அழுதுவிட்டார்கள்.

அந்த ஒரு கப்பல் மட்டும் 753 பேரைக் காப்பாற்றியது. ஸ்டாக்ஹோம், தன் முகப்பு நொறுங்கியிருந்தும், 500 பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டது. சரக்குக் கப்பல் ஒன்றும், அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களும் மற்றவர்களை மீட்டன.

கேப்டன் கலமாய் கடைசி வரை கப்பலிலேயே நின்றார். வர மறுத்தார். "நீங்கள் வராவிட்டால் நாங்களும் போக மாட்டோம்" என்று அவருடைய அதிகாரிகள் பிடிவாதம் செய்தார்கள். அதன் பிறகே இறங்கினார்.

26-ந் தேதி காலை 10 மணி 9 நிமிடத்துக்கு ஆண்ட்ரியா டோரியா கடலில் மறைந்தது. மோதி 11 மணி நேரம் மிதந்தது. அந்த 11 மணி நேரம்தான் 1,600 பேருக்கு மேல் உயிர் கொடுத்தது. அந்தக் கப்பலில் மாண்டவர்கள் 46 பேர்.

யார் குற்றம்?

வழக்கு நடந்தது. இரண்டு கம்பெனிகளும் ஒன்றை ஒன்று குற்றம் சாட்டின. 1957-ம் ஆண்டு தொடக்கத்தில் கோர்ட்டுக்கு வெளியே சமாதானம் செய்துகொண்டன. ஆகவே, குற்றவாளி யார் என்று எந்த நீதிபதியும் தீர்ப்புச் சொல்லவில்லை.

அந்த இளம் அதிகாரி, ராடாரின் தூர அளவைத் தவறாக எண்ணியிருக்கலாம் என்பது பின்னாளில் ஆராய்ந்த சிலரின் கருத்து. 15 மைல் அளவு என்று நினைத்துப் பார்த்தது, உண்மையில் 5 மைல் அளவாக இருந்திருக்கலாம் என்கிறார்கள். இது கருத்துதான்; முடிவு அல்ல.

கேப்டன் கலமாய்க்கு அதன் பிறகு எந்தக் கப்பலும் கிடைக்கவில்லை. 1972-ம் ஆண்டு காலமானார். ஸ்டாக்ஹோமோ பழுது பார்க்கப்பட்டு, பல பெயர்களில், பல கைகள் மாறி, 2020-ம் ஆண்டு வரை கடலில் ஓடியது!

கடலிலும் சாலை விதி

சாலையில் இடப்பக்கமாகப் போக வேண்டும் என்று நமக்கு விதி இருக்கிறது. கடலிலும் விதி உண்டு. இப்போது அமலில் இருக்கும் சர்வதேச விதிகள் 1972-ம் ஆண்டு எழுதப்பட்டு, 1977-ம் ஆண்டு அமலுக்கு வந்தன. கப்பல் அதிகாரி ஒவ்வொருவரும் இதைக் கரைத்துக் குடித்திருக்க வேண்டும்.

இரவில் கப்பலின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு எரியும். வலப்பக்கம் பச்சை விளக்கு எரியும். சிவப்பு மட்டும் தெரிந்தால் எதிர்க் கப்பலின் இடப்பக்கத்தைப் பார்க்கிறோம். பச்சை மட்டும் தெரிந்தால் வலப்பக்கத்தைப் பார்க்கிறோம். இரண்டும் சேர்ந்து தெரிந்தால்? நம்மை நோக்கி நேராக வருகிறது!

அப்படி நேருக்கு நேர் வந்தால், இரண்டு கப்பல்களுமே வலப்பக்கம் திரும்ப வேண்டும். ஒரு கப்பல் நம் வலப்பக்கத்தில் இருந்து குறுக்கே வந்தால், நாம்தான் விலக வேண்டும்.

மோதல் வருமா வராதா என்று அறிய எளிய வழி உண்டு. திசைகாட்டி வைத்து எதிர்க் கப்பல் இருக்கும் திசையைப் பார்க்க வேண்டும். சிறிது நேரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். திசை மாறிக்கொண்டே போனால் பெரும்பாலும் விலகிவிடும். திசை மாறாமல் தூரம் மட்டும் குறைந்தால் ஆபத்து!

மூடுபனியில் முன்னால் ஒரு கப்பல் ராடாரில் தெரிந்தால், இடப்பக்கம் திரும்புவதைக் கூடிய வரை தவிர்க்க வேண்டும். அரைகுறையான ராடார் தகவலை வைத்து எதையும் ஊகிக்கக் கூடாது. திரும்புவதானால் எதிர்க் கப்பலுக்கு நன்றாகத் தெரியும்படி பெரிதாகத் திரும்ப வேண்டும். 4 டிகிரி, 5 டிகிரி என்று கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினால் எதிரே இருப்பவருக்குத் தெரியாது.

வாசகர்கள் கவனித்திருப்பீர்கள். அன்று இரவு நடந்த பிழை ஒவ்வொன்றுக்கும் இங்கே பதில் இருக்கிறது.

சங்கும் பேசும். ஒரு சிறு ஒலி என்றால் "வலப்பக்கம் திரும்புகிறேன்". இரண்டு என்றால் "இடப்பக்கம் திரும்புகிறேன்". மூன்று என்றால் "பின்னோக்கி எந்திரம் ஓடுகிறது". ஐந்து சிறு ஒலி என்றால் "உன் எண்ணம் எனக்குப் புரியவில்லை!"

இன்று ராடாரோடு கணக்கு எந்திரமும் சேர்ந்துவிட்டது. எதிர்க் கப்பல் எவ்வளவு தூரத்தில், எத்தனை நிமிடத்தில் கடக்கும் என்று அதுவே சொல்கிறது. கப்பல்கள் தங்கள் பெயர், திசை, வேகம் ஆகியவற்றைத் தாங்களாகவே வானொலியில் அறிவிக்கும் கருவியும் வந்துவிட்டது. அபாயச் செய்தி செயற்கைக் கோள் வழியாகப் போகிறது. 1999-ம் ஆண்டு முதல் கம்பியில்லாத் தந்தியின் "எஸ்.ஓ.எஸ்." கப்பல்களில் கட்டாயம் இல்லை.

அதிகாரி தூங்கிவிட்டால் என்ன செய்வது? அதற்கும் கருவி உண்டு. சில நிமிடங்களுக்கு ஒரு முறை அதற்குப் பதில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மணி அடித்து மற்றவர்களை எழுப்பிவிடும். அதிகாரிக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும் என்றும் சர்வதேச விதி இருக்கிறது.

நீங்கள் கப்பலில் போனால்...

விதிகள் அதிகாரிக்கு மட்டும் அல்ல. பிரயாணிக்கும் உண்டு.

ஏழு சிறு ஒலி. அதற்குப் பின் ஒரு நீண்ட ஒலி. இதுதான் கப்பலில் அபாய அறிவிப்பு. இதைக் கேட்டதும் கதகதப்பான உடை அணிந்து, மிதவைச் சட்டையை எடுத்துக்கொண்டு, உங்களுக்குக் குறித்துள்ள கூடும் இடத்துக்குப் போக வேண்டும். எந்த இடம் என்று உங்கள் அறைக் கதவிலேயே எழுதியிருக்கும்.

லிப்டில் ஏறக் கூடாது. நகை, பெட்டி எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது. குழந்தைகளுக்குத் தனி அளவில் மிதவைச் சட்டை உண்டு. ஏறியவுடன் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

கப்பல் ஏறியதும் ஒத்திகை நடத்துவார்கள். "இது எதற்கு? வேடிக்கை பார்க்கப் போகலாம்" என்று சிலர் நழுவிவிடுவது உண்டு. அது தவறு.

2012-ம் ஆண்டு ஜனவரி 13-ந் தேதி, "கோஸ்டா கன்கார்டியா" என்ற உல்லாசக் கப்பல் இத்தாலியில் ஒரு தீவின் அருகே பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் மாண்டார்கள். அன்று ஏறிய பிரயாணிகளுக்கு ஒத்திகையே நடக்கவில்லை. வெளியேறும் உத்தரவும் தாமதமாக வந்தது. 56 ஆண்டு கழித்தும் அதே சாய்வு, அதே குழப்பம்! அதன் பிறகுதான், கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ ஒத்திகை நடத்தியாக வேண்டும் என்று விதி திருத்தப்பட்டது.

கருவி எவ்வளவு வந்தாலும், அதைப் பார்ப்பது மனிதன்தான். ஆண்ட்ரியா டோரியாவிலும் ராடார் இருந்தது, ஸ்டாக்ஹோமிலும் இருந்தது. குறைந்து போனது கணக்குப் போடும் பொறுமையும், வேகத்தைக் குறைக்கும் துணிவும்தான்.

இளம் கப்பல் அதிகாரி மனத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியது மூன்றே வரி. சந்தேகம் வந்தால் வேகத்தைக் குறை. சந்தேகம் வந்தால் கேப்டனை எழுப்பு. சந்தேகம் வராவிட்டால், இன்னொரு முறை பார்!

கேப்டன் ஒரு முறை தூக்கம் கெட்டு எழுந்தால் நஷ்டம் ஒன்றும் இல்லை. கப்பல் இரண்டு மணி நேரம் தாமதமாகத் துறைமுகம் சேர்ந்தாலும் பரவாயில்லை. கரையில் காத்திருப்பவர்கள் முணுமுணுப்பார்கள், பிறகு மறந்துவிடுவார்கள்.